தனித்தேர்வர்

திருப்பாலைக்குடியில் ஏறிய பஸ் உப்பூர் தாண்டும்போதே
கை ஆடத் தொடங்கிவிட்டது.
மாத்திரையின் ஆட்டம்.
பயத்தின் ஆட்டம் வேறு, அது முழங்காலில் வரும்.
இரண்டையும் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன் என்று
போன செவ்வாய் சீட்டில் எழுதியிருக்கிறார்கள்.

தொண்டிப் பள்ளி வாசலில் வாட்ச்மேன்:
“பிள்ளைய விட்டாச்சுல்ல, கேட்டுக்கு வெளிய நில்லுங்கம்மா.”
ஹால்டிக்கெட்டை நீட்டினேன்.
படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவர்
சாவுவீட்டுக்கு வந்தவளுக்கு விடுவதுபோல வழிவிட்டார்.

மூன்றாவது பெஞ்ச்.
பக்கத்தில் மீசை அரும்பும் பையன் கேட்டான்,
“ஒங்களுக்கு எத்தனை பேப்பர் நிக்கிதுக்கா?”
எல்லாமே, தம்பி.

இதே கட்டடத்தில், பதினேழு வயதில்,
அரைப்பரீட்சைக்கு மறுநாள்
மின்விசிறி என் பெயரைச் சொன்னது.
பிறகு சுவர். பிறகு கடல்.
பிறகு ஏர்வாடியில் பத்துக்குப் பத்து வாடகை அறை,
அம்மாவின் சங்கிலி அடகுக்கடையில்.
பிறகு மதுரை, பெரியாஸ்பத்திரி, தூக்கம்.
எவ்வளவு தூக்கம்!
எமல்டா குவைத்துக்கு நர்ஸாகப் போன வருடம் முழுக்கத் தூங்கினேன்.
பாண்டிமீனாவின் இரட்டைப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த அன்று
சோற்றில் கை வைத்தபடியே தூங்கினேன்.
அவர்கள் முந்திப் போனார்கள், நான் நின்றுவிட்டேன்
என்கிறாள் சித்தி.
நிற்கவில்லை, சித்தி.
இறங்கிக்கொண்டிருந்தேன்.
ஏறி வந்து பார்த்தால் பன்னிரண்டு வருடம்.

மணி அடித்தது.
வினாத்தாள் கட்டோடு உள்ளே வந்தவள் ஜுனைதா.
ஒருநாளும் ஐந்தொகை சமப்படாமல்
என் நோட்டைப் பார்த்து எழுதிய ஜுனைதா.
கழுத்தில் அடையாள அட்டை.
வருகைப் பட்டியலில் ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.
நிமிரவில்லை. நானும்.

பொறாமை இல்லை என்றால் பொய்.
அவள் செருப்புச் சத்தத்தின் மேல்கூட இருந்தது.
மாதச் சம்பளம் வாங்குகிறவளின் செருப்பு.

முதல் பெரிய கணக்கு, முழுமை பெறா பதிவேடுகள்:
ஒரு வணிகர் தம் ஏடுகளை முறையாக வைத்துக்கொள்ளவில்லை.
ஆண்டின் தொடக்கத்தில் அவரிடம் இருந்த முதல் எவ்வளவு?
சிரிப்பு வந்துவிட்டது.
தனியாகச் சிரிக்கக் கூடாது,
எங்கள் வீட்டில் அது ஆபத்தான அறிகுறி.
வாயைப் பொத்திக்கொண்டு
அவர் கடன்களைக் கூட்டினேன்.

சன்னலுக்கு வெளியே வத்தம்.
வெகுதூரத்துக்குச் சேறு, பாசி, நண்டுக் குழிகள்.
சாய்ந்து கிடந்த வல்லத்தில் ஒருவர்
பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
தண்ணீரை அவர் திட்டியதாகத் தெரியவில்லை.

ஏழு எழுதினால் ஒன்று மாதிரி விழுகிறது.
அடித்தேன். திரும்ப எழுதினேன்.
கச்சான் காற்று தாளைத் தூக்கியது.
மேசைமேல் ஒரு நிழல்.
ஜுனைதா தாளின் முனையை
இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள்,
கையெழுத்துப் போடும் நேரம்தான்.
கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம்.
அதை நான் பெரிதாக்கவில்லை.
சின்னதையெல்லாம் எனக்கான சேதியாக்குவது
பழைய நோய்.

“கூடுதல் தாள்” என்றேன்.
குரல் கரகரத்தது, காலையிலிருந்து பேசாத குரல்.
நூலோடு கொண்டுவந்தாள்.
“இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு” என்றாள்
பொதுவாக, அறைக்கே சொல்வதுபோல.
பக்கத்துப் பையன் எழுதி முடித்துவிட்டு
மேசையில் கப்பல் கிறுக்கிக்கொண்டிருந்தான்.

நூலைக் கோத்தேன். முடிச்சு விழவில்லை.
மறுபடி. விழவில்லை.
பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்,
விழுந்தது.

கணக்கில் ஆயிரத்து இருநூறு இடிக்கிறது.
எங்கே விட்டேன் என்று
முதல் வரியிலிருந்து
விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.