சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

வாசலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு.
சாவி, கைபேசி, வங்கி அட்டை,
சேலை ஊக்கு இரண்டு, கொண்டை ஊசி நான்கு.
எல்லாம் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.
தரையில் சிவப்பு நாடா.
அதைத் தாண்டி இரும்புக்கு இடமில்லை.
இரும்பை உருக்கிச் சோறு தின்னும் ஊரில்
இப்படி ஓர் அறை.

பீளமேடு. இரவு ஒன்றரை மணி.
பால் டேங்கரை நிமிர்த்தி வைத்ததுபோல் காந்தம்.
வயிற்றுக்குள் திரவ ஹீலியம்,
வெளியே தொட்டால் சாதாரணச் சுவர்.

பல்லடம் காற்றாலைக்கென்று செய்த பேட்டரி.
ஆடியில் கணவாய் வழி வரும் காற்று
ஊர் தூங்கும்போதும் அடிக்கிறது,
அதைப் பிடித்து வைக்க வேண்டும்.
ஆயிரம் முறை ஏறி இறங்கும் என்று
எழுதிக் கொடுத்திருந்தேன்.
நூற்றுப் பன்னிரண்டில் படுத்துவிட்டது.

ஆர்கான் பெட்டிக்குள் ரப்பர் கையை நுழைத்து
அறுத்துத் திறந்தேன். சுரண்டினால்
கறுப்பாய்ப் பாசி மாதிரி ஒன்று.
எக்ஸ்ரேக்கு வரிசையாய் நிற்பவைதான் தெரியும்.
இதில் எதுவும் வரிசையில் இல்லை.
சூடேறாதிருக்கப் பொட்டாசியம் புரோமைடு கலந்து
சிர்கோனியாக் குழாயில் அடைத்தேன்,
தீக்குச்சியில் பாதி நீளம்.
ஐம்பத்து நான்கே முக்கால் டிகிரி சாய்த்துச் சுழற்ற வேண்டும்.
சாய்வு சரிதானா என்று
அதே புரோமைடுதான் சொல்லும்.

மூடி உடைந்தது போன மாதம்.
ஜெர்மனியிலிருந்து வர ஆறு வாரம்.
கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும்
பட்டீஸ்வரனிடம் உடைந்ததைக் காட்டினேன்.
"எத்தன சுத்துங்க?"
"இருபதாயிரம்."
"நிமிசத்துக்குத்தானுங்களே?"
"நொடிக்கு."
சித்த நேரம் அவர் பேசவில்லை.
"மில்லுல கதிரே
நிமிசத்துக்குத்தானுங்க அவ்வளவு ஓடும்."

ஏழு மூடி கடைந்தார்.
முதல் மூன்று இரண்டாயிரத்திலேயே பறந்தன.
நான்காவது குழாயையும் சேர்த்து உடைத்தது;
அன்று என் துறைத்தலைவர் முகத்தை
நான் பார்க்கவில்லை.
ஐந்தாவது நடுங்கியது. ஆறாவது தொலைந்தது,
இன்னும் தேடுகிறேன்.

ஏழாவதைக் கையோடு கொண்டுவந்து
கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்.
சட்டை மடிப்பில், செருப்படியில்
பட்டறையின் இரும்புத் தூள்.
உள்ளே விட முடியாது.
தட்டில் கழற்றிப் போடவும் முடியாது அதை.

கம்ப்ரஸரைத் திறந்தேன்.
நாலாயிரம். ஏழு. ஒன்பது.
பன்னிரண்டாயிரத்தில் மெல்லிய விசில்,
பல் கூசும் அளவுக்கு.
அதற்கு மேல் போகவில்லை. போதும்.
"கேக்குதுங்களா?" என்று கத்தினேன்.
காதில் கை வைத்தார்.
முப்பது வருசம் லேத் பக்கத்தில் நின்றவர்.
"எனக்கொண்ணும் கேக்கலைங்க."

மூன்றே காலுக்குத் திரையில் வந்தது.
பூஜ்யத்தருகே பெரிய மேடு:
உப்பாய்ப் போன லித்தியம், எதிர்பார்த்ததுதான்.
இடது ஓரத்தில் இருநூற்று அறுபதைத் தாண்டி
இன்னொன்று, சின்னது.
உலோகம். இன்னும் உலோகமாகவே.

தாளில் அச்செடுத்துக் கோட்டுக்கு இப்பால் நீட்டினேன்.
"செத்துப்போச்சுன்னீங்க?"
"சாகலைங்க. தனியாப் போச்சு.
நடுவுல உப்பு மூடிக்கிச்சு,
கரண்டு போய்ச் சேரலை."
தாளைத் தூரமாய்ப் பிடித்துப் பார்த்தார்,
கண்ணாடி வண்டியில் இருந்தது.
"அட, உள்ளயேதான் இருக்குது."

எனக்கு வேறு கணக்கு ஓடியது:
எவ்வளவு உப்பு, எவ்வளவு தனித்தது,
எந்தச் சுற்றில் பிரிந்தது,
ஆயிரம் என்று யாரைக் கேட்டு எழுதினேன்.

மூடிக்கு எவ்வளவு என்றேன்.
ஜெர்மனிக்காரர் விலையைக் கேட்டார், சொன்னேன்.
சிரித்தார், தன் விலையைச் சொல்லவில்லை.
"பதினஞ்சுல ஓடுறாப்ல இன்னொண்ணு கடைஞ்சு தாரேனுங்க.
சுவரு ஒருபக்கம் தடிச்சுப்போச்சு, எனக்கே தெரியுது."

அவர் நின்ற இடத்தில்
டியூப்லைட்டில் மினுங்கியது தூள்.
ஈரத் துணியால் துடைத்தேன்,
நாடாவின் ஓரம்வரை.
துணியை உள்ளே கொண்டுபோகாமல்
வாசலிலேயே போட்டேன்,
கொண்டை ஊசிகளுக்குப் பக்கத்தில்.
விசில் ஓடிக்கொண்டிருந்தது.