மருந்தடிக்கிறவன்

பதினாறு லிட்டர் டாங்க் முதுகில் ஏறியதும்
காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டி
சேரம்பாடி ஏழாம் நம்பர் காட்டில் இறங்குவேன்.
கொசுவுக்கு ஒன்று, சிவப்புச் சிலந்திக்கு ஒன்று,
இலையில் கொப்புளம் போட்டால் இன்னொன்று.
எல்லாவற்றுக்கும் ஒரே பேர்: மருந்து.
என்ன வேலை என்று யார் கேட்டாலும்
எட்டு வருஷமாக
மருந்தடிக்கிறேன் என்றே சொல்லிவருகிறேன்.

அதனால்தான் டாக்டர் ஜிஷா
விரல் நீளப் புட்டி ஒன்றை நீட்டி
அடிக்கத் தெரியுமா என்றபோது
சிரித்துவிட்டேன்.

நாய்க்குப் பேர் கங்காணி.
கொழுந்தெடுக்கிற நிரைக்குப் பின்னால்
கையைக் கட்டாத குறையாக நடக்கும்,
யாராவது உட்கார்ந்தால் குரைக்கும்.
இந்த ஆடி மழையில்
அதன் இடுப்புக்கு மேல் உள்ளங்கை அகலம் மயிர் கொட்டி
சிவந்து, நீர் கசிந்து,
ராத்திரி முழுக்கத் தன்னையே மென்றுகொண்டு கிடந்தது.

முதல் நாள் அடுப்படியிலேயே பிடித்து அமுக்கி
ஒரு ஏக்கருக்கு அடிக்கிற மாதிரி அடித்தேன்.
உஸ்ஸென்ற சத்தத்தில்
கங்காணி என் கையைக் கீறிக்கொண்டு
லயத்தின் கடைசி வீடு தாண்டி ஓடியது.
அடுப்பு ஒரு நொடி
நீலமாய் நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது.
மரியபுஷ்பம் கையிலிருந்த கரண்டியோடு
என்னைப் பார்த்தாள்.
இன்றுவரை அதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுபடி பந்தலூர் பஸ்.

“தீப்பக்கத்தில அடிச்சியா?” என்றார் டாக்டர்.
“முகத்துக்கிட்ட வேண்டவே வேண்டாம், கண்ணு போயிடும்.
சத்தம் பயம்னா தள்ளி நின்னு பஞ்சில அடி,
அப்புறம் வந்து ஒத்து.
காயற வரைக்கும் நக்க விடாதே.
ரெண்டு நாள்ல குறையலேன்னா
நீயா கூட அடிக்காதே, கூட்டிட்டு வா.
கையில உறை போட்டுக்கோ.”

தோட்டத்தில் கொடுத்த கையுறை
பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தினார்.
“ராத்திரி எங்க படுக்கும்?”
கதவுக்குப் பின்னால், என் வேலைச் சாக்கில்.
“வேலை முடிஞ்சு வந்து
குளிச்சிட்டுத்தான் அதைத் தொடுவியா?”

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.
கங்காணி மேசைக்கடியில்
என் கால்சட்டை ஓரத்தை முகர்ந்துகொண்டிருந்தது.
அதனாலதான்னு சொல்ல முடியாது என்றார்,
மழையும் இருக்கு, உண்ணியும் இருக்கு.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

சாக்கு இப்போது மருந்து ஷெட்டில்.
பைப்படியில் குளித்து, சட்டை மாற்றி,
எட்டு வருஷத்தில் முதல்முறையாகக் கையுறை போட்டு
கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்
திருடனைப் போலப் பஞ்சில் ஒரு அமுக்கு.
பிறகு வந்து ஒற்றுகிறேன்.
தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்குகிறது.

உறையைக் கழற்றிக் கை கழுவி
கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
பதினைந்து நிமிஷம்.
வயநாட்டுப் பக்கமிருந்து ஏறிய மஞ்சு
ஏழாம் நம்பரை விழுங்கி, ரோட்டை விழுங்கி
எங்கள் இருவரை மட்டும் மிச்சம் வைக்கிறது.
அரை மணியில் ஒரு டாங்கைத் தீர்க்கிறவன்
நாலு சொட்டு காயக் காத்திருக்கிறேன்.

புண்ணை எட்ட முடியாத கங்காணி
திரும்பி என் கையை நக்குகிறது.
இழுத்துக்கொள்கிறேன்.
இரண்டு முறை சோப்புப் போட்ட கைதான்.

இருந்தாலும்.