நகக்கண்

முதலில் வெளுத்தவை ரெய்யோவின் விரல்கள்.
வெஹ்மா கல்குவாரியில் இருபத்தாறு வருடம்
சிவப்புக் கிரானைட்டைத் துளைத்த கைகள்.
சட்டைப் பொத்தான் அகப்படாமல்
கண்ணாடி முன் நின்று திட்டுவான்.
எங்கள் ஊரில் அதற்குப் பெயர் உண்டு:
வெள்ளை விரல்.
காப்பீட்டுக் கம்பெனியின் கடிதத்தில்
காரணம் என்ற கட்டத்துக்குள்
ஒரே வார்த்தை. அதிர்வு.

எனக்கும் வெளுத்தபோது சிரித்தான்.
"நீ எந்தக் கல்லை உடைத்தாய், எய்லா?"

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
விடிகாலையில் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டியது தவிர
எதையும் உடைத்ததில்லை.

கடையில் உறைந்த பெர்ரிப் பொட்டலத்துக்குக் குனிந்தாலே போதும்.
கோடு போட்டதுபோல் ஓர் எல்லை,
அதற்கப்பால் மெழுகு.
பிறகு நீலம்.
பிறகு சிவப்பு, இரத்தம் திரும்பி வரும் சிவப்பு,
ஆயிரம் ஊசிகளோடு.
குளிர்தான் என்று நினைத்தேன்.
ஆனால் ஜூன் மாதம், நல்ல வெயிலில்,
ஒரு பொடியன் பந்தின் பின்னால் சக்கரத்தின் முன் பாய்ந்தான்.
பிரேக் பிடித்தது.
ஸ்டியரிங்கின் மேல் என் விரல்கள் பத்தும்
சுண்ணாம்பு.

நெஞ்செரிச்சலைக் காப்பியின் கணக்கில் எழுதியிருந்தேன்.
கம்பு ரொட்டி தொண்டையில் நின்றதை வயதின் கணக்கில்.
கழற்ற முடியாமல் இறுகிய மோதிரத்தை
கிறிஸ்துமஸ் விருந்தின் கணக்கில்.
தேவாலய மேட்டில் மூச்சு வாங்கியதை
யார் கணக்கிலும் எழுதவில்லை,
வழியில் நின்று பூக்களைப் பார்ப்பதுபோல் நடித்தேன்.
வேறு வேறு நிறுத்தத்தில் ஏறிய பயணிகள்.
ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்றே நம்பி
வருடக்கணக்காக ஓட்டினேன்.

துர்குவில் டாக்டர் பானனென்
என் நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தார்.
துணைக்கு வந்த ரெய்யோ
"என்னுடையதையும் பாருங்களேன்" என்று கை நீட்டினான்.
திரையில் அவன் இரத்தக்குழாய்கள்
கொண்டை ஊசிகள்போல் நின்றன,
கொஞ்சம் கலைந்து, ஆனாலும் வரிசையில்.
என்னுடையவை வீங்கிப் பருத்த வளையங்கள்,
நடுநடுவே ஒன்றுமே இல்லாத வெளி.
மரம் வெட்டிப்போன காடு.

"நிறையப் பேருக்கு இது வெறும் குளிர்தான்,
பின்னால் எதுவும் வராது" என்றார்.
"சிலருக்கு இது முதலில் வந்து கதவைத் தட்டுகிறது."
அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க,
தொண்டை, மோதிரம், மூச்சு,
பின்கண்ணாடியில் திரும்பிப் பார்க்கிறேன்,
என் பயணிகள் எல்லோருக்கும்
ஒரே மூக்கு.
ஒரே குடும்பம், ஒரே டிக்கெட்.
பெயர் ஸ்க்லீரோடெர்மா.
என் உடலே என்னை வேற்றாள் என்று எண்ணி
உள்ளே தோலை இறுக்கிக்கொண்டிருக்கிறது.

நகமும் சதையும்போல என்பார்கள் எங்களை.
இரண்டுக்கும் நடுவே ஒரு கண் இருப்பதும்
அது ஆளுக்கு ஆள் வேறு பார்ப்பதும்
அன்றுதான் தெரிந்தது.

வீடு வரும்வரை ரெய்யோ பேசவில்லை.
வெஹ்மா திருப்பத்தில் சொன்னான்:
"என்னுடையதற்கு ஒரு கல்லாவது இருந்தது."
எனக்கு வந்த படிவத்திலும் அதே கட்டம்.
டாக்டர் எழுதியிருந்தார்: தெரியவில்லை.
அந்தக் கையெழுத்து நேர்மையாக இருந்தது.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுரையீரல்,
வாரம் இருமுறை இரத்த அழுத்தம்,
வீட்டிலும் உல்லன் கையுறை.

இரவு எட்டரைக்கு மாத்திரை.
அட்டையை அழுத்த என் விரலுக்கு வலுவில்லை,
அவன் விரலுக்கு உணர்வில்லை.
மாத்திரை இருக்குமிடம் அவனுக்குத் தட்டுப்படவே இல்லை.
ஒரு நிமிடம் இருவரும்
அந்த வெள்ளிக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
அப்புறம் அவன் கத்தரி எடுத்து வந்தான்.
நான் அட்டையைப் பிடித்துக்கொண்டேன்.