சீசன்

எங்கள் பக்கம் சீசன் என்றால் ஒன்றுதான்:
குற்றாலத்தில் தண்ணி விழும்.
புது கோச் முதல்நாள் வந்து நின்று
"இந்த சீசன்..." என்று ஆரம்பித்ததும்
மாசானமுத்து கேட்டான்,
"ஐந்தருவிக்கா சார், மெயினருவிக்கா?"
அத்தனை பேரும் சிரித்தோம்.
பிஜன் ஹல்தாருக்குத் தமிழ் தெரியாது.
விளக்கிச் சொன்ன பின்னும் சும்மா இருந்தவர்
ரொம்ப நேரம் கழித்து, ஷூ கயிறு கட்டக் குனிகையில்
தனியாகச் சிரித்தார்.

போன வருஷம் பத்து ஆட்டம், பத்தும் தோல்வி.
பழைய கோச் லீவில் போனவர் வரவில்லை.
அவர் விசில் மட்டும்
சாமான் அறை ஆணியில் தொங்குகிறது.

பணகுடியில் எங்கள் மைதானம். சுற்றிக் காற்றாலை.
ஆனி ஆடியில் அங்கே நின்று பேச முடியாது,
வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கி
ராதாபுரத்தில் கொண்டு போட்டுவிடும் காத்து.
உயர உதைத்த பந்து
உதைத்தவன் தலைக்கே திரும்பும்.
டாஸ் ஜெயித்தால் முதல் பாதி
காற்றுக்கு எதிரே நில் என்றார் ஹல்தார்.
சம்பளம் போடுகிற மில் அண்ணாச்சி
"கிறுக்கனைல்லா பிடிச்சிட்டு வந்திருக்கோம்" என்றார்.

ரக்பியில் ஓடுவது முன்னால்,
பந்தைக் கொடுப்பது பின்னால்.
கபடியிலிருந்து வந்த உடம்பு எங்களுடையது;
அதற்குப் பின்னால் என்றால் தப்பித்தல்.
மூன்று வருஷமாகியும் ஏறவில்லை.
ஹல்தார் கற்ற முதல் தமிழ் "பின்னால".
இரண்டாவது "ஏல".
அதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்று
வேண்டுமென்றே ஒருத்தனும் சொல்லித்தரவில்லை.
அண்ணாச்சியிடமே கேட்டார்: "ஏல, சம்பளம்?"
மூன்று மாத பாக்கி
மறுநாள் வந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் என்னை உட்காரவைத்தார்.
ஸ்க்ரம்மில் முதல் வரிசை, இடது ஓரம்,
பணியாரமாக வீங்கிய இரண்டு காது,
முப்பத்திரண்டு வயது. போதும் போல.
என் இடத்தில் உவரி லூர்து,
கரைவலை இழுத்த தோள்.
கோபத்தில் பஸ் ஏறிவிட்டேன்.
நாங்குநேரியில் இறங்கி ஒரு டீ குடித்தேன்.
திரும்பி வந்தபோது
யாரும் எதுவும் கேட்கவில்லை.
என் ஜெர்சியை யாரோ துவைத்துப் போட்டிருந்தார்கள்,
கொடியில் அது
காத்தைத் தின்று ஆளாக நின்றது.

நாலு தோல்வி. மழையில் ஒரு சமன்.
ஆறாவது ஆட்டம் பதிமூன்று - பன்னிரண்டு.
ஜெயித்தால் என்ன செய்யவேண்டும் என்று
எங்களுக்குத் தெரியவில்லை,
எதிரணிக்காரன்தான் வந்து கைகொடுத்தான்.
மேலப்பாளையம் பீர்முகம்மது அழுதான்.
மூக்கு உடைந்ததால் என்றான்.
உடைந்தும்தான் இருந்தது.

கடைசி ஆட்டம், கடைசிப் பத்து நிமிஷம்
என்னை உள்ளே அனுப்பினார்.
கோட்டுக்கு ஐந்து மீட்டர். பந்து லூர்து கையில்.
இரண்டு பேர் அவன் இடுப்பில் தொங்க,
பார்க்காமலே பின்னால் கொடுத்தான்.
பின்னால் நான் இருந்தேன்.
பந்து என் நெஞ்சில் பட்டு
முன்னால் விழுந்தது.
விசில்.

ஓரக்கோட்டில் நின்ற ஹல்தார்
தோளில் கை வைத்து "ஏல" என்றார்.
அவ்வளவுதான்.
முதல்முறையாக அந்தச் சொல்லை
அதன் சரியான சத்தத்தில் சொன்னார்.

ஆறு அணியில் நாலாவது.

புரட்டாசிக் கடைசியில் குற்றாலம் போனோம்.
பாறை காய்ந்து கிடந்தது,
நடுவில் நூலாய் ஒரு தண்ணி.
"சீசன் முடிஞ்சி வந்து நிக்கியளே"
என்றான் எண்ணெய் தேய்க்கிறவன்.
எட்டு பேருக்கு எப்படிக் காணும்?
தோளில் தோள் பூட்டி, தலை கவிழ்ந்து
அந்த நூலுக்குக் கீழே ஸ்க்ரம் கட்டினோம்.
என் பிடரியில் விழுந்தது
முதுகு வழி ஓடி அடுத்தவன் தலைக்குப் போனது,
அவனிடமிருந்து அடுத்தவனுக்கு.

ஹல்தார் வெளியே நின்றார்,
எங்கள் எட்டு வாட்சும் கையில் ஏந்தி.
குளிரும் என்றார்.
கடைசிவரை நனையவே இல்லை.