பச்சை வாங்காதவன்

இருபத்து நான்கு நிறம், ஒரே பெட்டி,
அறுநூற்றைம்பது ரூபாய்.
குன்னூர் கடைக்காரர்
ரிப்பன்கூடக் கட்டிவிட்டார்.

நான் ஃபேக்டரியில் தேயிலை ருசிப்பவன்.
சாயம் ஏற்றிய தூளை
நாக்கில் வைக்காமலே சொல்வேன்.
ஒரு ட்யூபை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
கனமில்லை.
பாதிக்குமேல் சுண்ணாம்புத்தூள்.

"வேற இருக்கா?"
பூட்டிய அலமாரி திறந்தது.
கோபால்ட் நீலம், பெருவிரல் நீளம்.
விலையைக் கேட்டதும் வெளியே போய்
ஒரு வர்க்கி தின்றுவிட்டுத்
திரும்பி வந்தேன்.

வாங்கியது மூன்றே ட்யூப்:
அந்த நீலம், ஒரு மஞ்சள்,
கொஞ்சம் பெரிதாக வெள்ளை.

லிங்கி பிரித்துப் பார்த்தாள்.
"பச்சைக்குள்ளயே குடியிருக்கோம்,
பச்சை வாங்கத் தோணலையா?"
கேட்டுக்கொண்டே
நீலத்தையும் மஞ்சளையும்
கத்தி முனையில் குழைத்தாள்.
கவாத்து முடிந்த இரண்டாம் மாதம்
செடியில் வருமே, அந்தத் துளிர்
பலகையில் வந்தது.
அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை,
இருட்டும் வரை.

ஜூலை மழை.
மூன்று வாரமாகியும் கேன்வாஸ் காயவில்லை.
தெரியாமல் சாய்ந்துவிட்டேன்,
சட்டையின் முழங்கையில் நீலம்.

நாலு சலவை போட்டாயிற்று.
அப்படியே இருக்கிறது.
கொடுத்த காசுக்கு
மோசமில்லை.