இருபத்துநாலு ஹெர்ட்ஸ் தள்ளி

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ், மூன்றாம் மாடி.
இரவு மூன்றேமுக்கால்.
பித்தளைப் பெட்டிக்குள்
சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைப் பீங்கான்
வினாடிக்கு ஆயிரம் கோடி முறை துடிக்கிறது.

தடத்தை அதனருகே கொண்டுபோனால்
ஆற்றல் கூடும், க்யூ சரியும்.
விலக்கினால் துடிக்கவே மறுக்கும்.
இரண்டு வாரம்,
தாள் கனம் தாள் கனமாக நகர்த்தி
தொட்டும் தொடாமலும் வைத்தேன்.

இன்று திரையில் ஊசிக் கோபுரம்.
இரைச்சல் தரையோடு தரை.
ஷாஹீன் கைதட்டப் போனாள்.

நாலு மணிக்கு
கோபுரத்தின் இரு பக்கமும் முளைத்தன
இரண்டு குட்டிக் காதுகள்,
இருபத்துநாலு ஹெர்ட்ஸ் தள்ளி.

மின்வழங்கியைக் கழற்றி பேட்டரி போட்டோம்.
விசிறியை நிறுத்தினோம். ஏசியை நிறுத்தினோம்.
திருகை இறுக்கினேன்.
மூச்சைக்கூடப் பிடித்துப் பார்த்தேன்.

அவள்தான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நின்றாள்.
"உனக்குத் தெரியலையா?"
நானும் கழற்றினேன்.
உள்ளங்காலில் ஒரு கடகடப்பு:
கீழே ஹொன்னேகவுடர் மெஸ்ஸில்
கிரைண்டர்.

இறங்கிப்போய்க் கேட்டேன்.
"அரிசி ஊறிவிட்டது சார்,
உங்கள் மிஷினை நிறுத்துங்கள்" என்றார்
கன்னடத்தில், மாவுக் கையோடு.

மேலே வந்தால்
தன் ஹவாய் செருப்பில் ஒன்றை நாலாக வெட்டி
பெட்டியின் மூலைகளுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறாள்.
காதுகள் அமுங்கிவிட்டன.
முழுசாக இல்லை; வலது காது
உற்றுப் பார்த்தால் தெரியும்.
அறிக்கையில் எழுதத்தான் வேண்டும்.

ஆறு மணிக்கு
ஒற்றைச் செருப்போடு படியிறங்கினாள்
இட்லி சூடாக இருக்கும்போதே.