நூற்றெண்பது

என்னுடையது பச்சை, ஜொகரா மச்சியுடையது சிவப்பு.
மூன்று காலில் நிற்கிற பீங்கான் முட்டைகள்,
முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.

என்னுடையது ஷார்ஜாவிலிருந்து கார்கோவில் வந்தது,
இரண்டு கம்பளிக்கும் பால்பவுடர் டின்களுக்கும் நடுவே.
அவளுடையது தம்மாமில் ஒரு பிலிப்பினோ
ஊர் திரும்பும்போது பாதி விலைக்கு விட்டுப்போனது.
மூடியில் அவன் ஒட்டியிருந்த மாதா படத்தை
மச்சி இன்னும் உரிக்கவில்லை.
கேட்டால், "பசை நல்லா பிடிச்சிருக்குடி" என்பாள்.

கீழக்கரையில் இப்படி அடுப்பு
எங்கள் இரண்டு மாடியில்தான் என்று நினைக்கிறேன்.
வெள்ளிக்கிழமை இரவு
கைப்பிடிச் சுவருக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று.

கரி, சிக்கல் வழிவிட்டானுடையது.
மூட்டைக்கு இருபது ரூபாய் குறைத்துக் கேட்டால்
உள்ளங்கையை விரித்துக் காட்டுவான்,
கருவேல முள் குத்திய தழும்பெல்லாம்.
அதற்குமேல் பேச்சு இல்லை.
பெட்டியோடு வந்த புத்தகத்தில்
ஆப்பிள் மரம், செர்ரி மரம் என்று ஏதேதோ இருக்கிறது,
எங்கள் கருவேலம் இல்லை.

சிவப்பு சீக்கிரம் சூடேறும்,
ஒரு யாசீன் ஓதி முடிக்கிற நேரம்.
பச்சைக்கு அதுபோல இரண்டு மடங்கு.
ஆனால் பிடித்த சூட்டைப் பச்சை லேசில் விடாது.
சிவப்பின் விளிம்பு நாடா தேய்ந்துபோய்
கச்சான் காற்று எழும்பினால்
புகையும் கசியும், மச்சியின் கண்ணும் கசியும்.

இந்த ஒப்பீடெல்லாம் எங்களுடையது இல்லை.
தண்ணீர்த் தொட்டியில் சாய்த்துவைத்த
இரண்டு போன்களுக்குள்ளிருந்து வருகிறது.
தம்மாமில் அப்போதுதான் மஃரிபு முடிந்திருக்கும்.
"என்னது சுவரு கனம்டா மாப்ளே."
"கனத்தை வச்சி என்ன செய்ய, கரி தின்னுதுல்ல?"
இரண்டு சபுராளிகளும்
இதில் வெந்த ஒரு துண்டு மீன்கூடத் தின்றதில்லை.
அடுப்பு வந்து ஒன்றரை வருஷம்,
அவர் போய் இரண்டே கால்.

நடுவில் என்னை அழைப்பார்.
"முள்ளு எதுல நிக்கிது, பார்த்துச் சொல்லு."

முள் நின்று நாலு மாசம்.
உப்புக்காற்றில் துருவேறி,
தீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறுபதில் கிடக்கிறது.
போனைக் கிட்டே கொண்டுபோகமாட்டேன்.
இருட்டு என்பேன், புகை என்பேன்.
"நூற்றெண்பது."
"அப்படியே வையி, அசையவிடாதே" என்பார்,
தானே விசிறி வளர்த்த தீ மாதிரி சந்தோஷமாக.

நான் பார்ப்பது கையில்.
மேல் துளைக்குமேல் உள்ளங்கையைப் பிடித்து எண்ணுவேன்.
ஆறுக்குள் கை தானாக விலகினால் கணவாய் போடலாம்.
பன்னிரண்டு தாங்கினால்
முழு விளமீன், வாழையிலை சுற்றி.
பதினைந்து என்றால் கீழ்க் கதவை ஒரு விரல் திற.
புத்தகத்தில் இதுவும் இல்லை.

போன வெள்ளி, போன்கள் அணைந்தபின்
சுவர் மேலாக ஊளிமீன் தலையை நீட்டியபடி
மச்சி மெதுவாகக் கேட்டாள்:
"உன் முள்ளு ஓடுதாடி?"
நான் மீனை வாங்கிக்கொண்டேன்.
"எனக்கு அந்தப் பிலிப்பினோ தரும்போதே ஓடல.
நீ சொல்றதைக் கேட்டுட்டு
இருபது கூட்டிச் சொல்லுவேன்."
சிரித்ததில் அவளுக்குப் புரையேறி
கீழே மாமி என்னமோ ஏதோவென்று கத்தினார்கள்.

பிறகு மேல் துளை, கீழ்க் கதவு, இரண்டையும் அடைத்தோம்.
காற்றில்லாமல் தீ தூங்கிப்போகும்,
எரிந்து தீராத கரி அப்படியே மிஞ்சும்.
அடுத்த வாரத்துக்குப் பாதி மூட்டை மிச்சம்,
இதில் மட்டும் பச்சையும் சிவப்பும் ஒன்று.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருகிறாராம், நாற்பது நாள் லீவு.
புது முள் மதுரையில் கிடைக்கும் என்றார்கள்,
நான் விலை கேட்கவில்லை.
வந்ததும் கைலி நுனியால்
அந்தக் கண்ணாடியைத்தான் முதலில் துடைப்பார்.
துடைக்கட்டும்.
அப்புறம் அவர் கையைப் பிடித்து
துளைக்குமேல் வைத்து எண்ணச் சொல்வேன்.

எத்தனை வரை தாங்குகிறார், பார்ப்போம்.